ஐந்து நொடி அசையாமல்

வெயில் அடிக்கும் இடத்தில் கேமரா மானிட்டரைப் பார்க்க ஒரு கறுப்புத் துணி வேண்டும். நாங்கள் எடுத்துப்போனது விடுதியின் ஜன்னல் திரை. இரண்டு மடிப்பாகத் தைத்தது. தலையோடு போர்த்திக்கொண்டால் உள்ளே நல்ல இருட்டு. ஏழு அங்குலப் படம் தெளிவாகத் தெரியும். வெளியே நடப்பது தெரியாது.

நீங்கள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி, ஐயா. கடைசி ஷாட்டில் அவள் எதைப் பார்க்கிறாள் என்று. சொல்கிறேன். ஆனால் லென்ஸிலிருந்து தொடங்கினால்தான் அது விளங்கும். யெர்சின் உங்களிடம் எழுதிக் கொடுத்ததைக் கேள்விப்பட்டேன். பட்டனைத் தாமதமாக அழுத்திவிட்டேன் என்று எழுதியிருக்கிறானாம். அது தவறு. அவன் தாமதிக்கவில்லை. ஒரு தொழில்நுட்ப விஷயம் காகிதத்தில் தவறாகப் பதிவாவது எனக்குப் பிடிக்கவில்லை. அதனால்தான் பேசுகிறேன்.

நாங்கள் மூன்று பேர் போனோம். யெர்சின் இயக்கம், பாட்டும் அவன் எழுதியதுதான். நான் கேமரா. இருவரும் நான்காம் ஆண்டு. ஷோல்பன் பாடகி, இசைப் பிரிவில் முதலாம் ஆண்டு, பத்தொன்பது வயது. தண்டவாளத்தின் வழியே ஊரைவிட்டு நடந்து போகும் ஒரு பெண்ணைப் பற்றிய பாட்டு. நான்கு நிமிடம். திங்கட்கிழமை தேர்வுக் குழு அதைப் பார்க்கும். படப்பிடிப்பு வியாழக்கிழமை.

அல்மாத்தியிலிருந்து ஆறு மணி நேரப் பயணம். யெர்சின் தன் சித்தப்பாவின் வேனை ஓட்டினான். ஷோல்பன் பின்னால் என் பக்கத்தில் உட்கார்ந்து உப்புத் தயிர் உருண்டைகளைக் கடித்துக்கொண்டு வந்தாள். கால்வாசி தூரத்தில் தன் போனை என் முன் நீட்டினாள். கல்லூரி இணையதளத்தில் என் சேர்க்கைப் படம் இருக்கிறது. நான்கு வருடம் முன் இடம் வாங்கித் தந்த படம். அதில் ஒரு பெண்மணி குதிரைப்பால் கறக்கிறார். குட்டியின் கழுத்துக் கயிற்றை ஒரு சிறுமியின் கை பிடித்திருக்கிறது. புறங்கையில் அவரை விதை அளவில் ஒரு தழும்பு.

"தியாஸ் அண்ணா, இது யார் கைன்னு சொல்லுங்க பாப்போம்."

"யாரோ ஒரு பொண்ணு."

"யாரோவா?" போனுக்குப் பக்கத்தில் தன் கையை வைத்தாள். அதே தழும்பு. "சமோவார்ல சுட்டுக்கிட்டது. இது கனாத் அண்ணன் எடுத்ததுண்ணா. அன்னைக்கு அந்தக் குட்டி என் கால மிதிச்சுது. நான் ஓன்னு அழுறேன், அவன் கேமராவ நிறுத்தவே இல்ல. ராத்திரி பூரா அவன்கூட பேசல நான்."

கனாத் அவளுடைய அண்ணன். தராஸ் நகரில் நானும் அவனும் ஒரே அறையில் இருந்தோம். ஒரு குளிர்கால இரவில் கரி அடுப்பின் புகையில் இறந்தான். நான் அன்று ஊரில் இல்லை. அவனுடைய மெமரி கார்டு ஒன்று என் பையில் இருந்தது.

"டேய், பின்னாடி என்னடா குசுகுசு?" என்றான் யெர்சின். "நான் நாய் மாதிரி வண்டி ஓட்டுறேன். நீங்க அங்க சினிமா பாக்குறீங்களா?"

"உன் பாட்டவிட இது நல்லா இருக்கு. நீ ரோட்டப் பாரு."

பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினாள். "பேரு போட மறந்துட்டீங்க, அதானே?"

சாக்கை அவளே எடுத்துக் கொடுத்தாள். ஆமாம், மறந்துவிட்டேன் என்றேன்.

"திங்கட்கிழமைக்குள்ள போட்டுடுங்கண்ணா. ஒரே ஒரு வரி. கேமரா, கனாத். அம்மா அவன் பேர ஒரு தடவ திரையில பாக்கணும். நீங்க போடலன்னா நானே குழுகிட்ட சொல்லிடுவேன். சொல்லுறதுல தப்பில்லையே?"

தப்பில்லை என்றேன்.

அந்த வரியின் விலை அவளுக்குத் தெரியாது. அந்தப் படம் மொத்தமும் கேமராதான். வசனம் இல்லை, கதை இல்லை. கேமராவில் என் பெயரை எடுத்துவிட்டால் மிச்சம் ஒன்றும் இல்லை. அரசு உதவித்தொகையில் வருடத்துக்கு இரண்டே இடம். அதில் ஒன்றில் நான் இருந்தேன். அது போனால் பட்டம் போகும். விடுதி போகும். ஊரில் என் அப்பா யார் முகத்திலும் விழிக்க முடியாது.

பயந்தேன். அதை மறைக்க விரும்பவில்லை. அந்தப் படத்தைக் கல்லூரியில் திரையிடும்போதெல்லாம் நான் கதவுக்கு வெளியே நின்றிருக்கிறேன். யாராவது எழுந்து ஏதாவது சொல்வார்கள் என்று நான்கு வருடம் காத்திருந்தேன். சொல்ல வந்தவள் என் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கும் ஒரு உப்பு உருண்டை கொடுத்தாள்.

நாங்கள் போய்ச் சேர்ந்த எழுபத்து மூன்றாம் ரயில் நிறுத்தத்துக்குப் பெயர் கிடையாது. எண் மட்டும்தான். ஒற்றைத் தண்டவாளம். காய்ந்த ஆற்றின் மேல் நாற்பது மீட்டர் பாலம், பதினோரு மீட்டர் உயரம், கைப்பிடி இல்லை, ஒதுங்க இடமும் இல்லை. மணிக்கு ஒரு சரக்கு ரயில் கிழக்கிலிருந்து வரும் என்று அங்கிருந்த காவலாளி சொன்னார். இரண்டு கிலோமீட்டர் தள்ளி ஒரு கடவுப்பாதை இருக்கிறது, அங்கே ஒவ்வொரு ரயிலும் ஹாரன் அடிக்கும் என்றார். பாலத்தில் ஏறக்கூடாது என்றார். யெர்சின் சரி என்றான்.

முதலில் கசகசாப் பூக்களுக்கு நடுவே சில ஷாட்டுகள் எடுத்தோம். அங்கே ஷோல்பனுக்கு ஒரு விஷயம் கற்றுக்கொடுத்தேன். எங்கள் கல்லூரியில் எல்லோருக்கும் முதல் வாரத்திலேயே கற்றுக்கொடுப்பது. ஷாட் முடிந்தாலும் முடியவில்லை. கேமராக்காரன் விரித்த கையை உயர்த்துவான். அதை இறக்கும்வரை ஐந்து நொடி யாரும் அசையக்கூடாது. படத்தொகுப்பில் வெட்டுவதற்கு அந்த ஐந்து நொடி வேண்டும். புதிதாக வருகிறவர்கள் கண்ணை மூடிவிடுவார்கள், சிரித்துவிடுவார்கள். ஷோல்பன் அப்படிச் செய்யவில்லை. ஒரு ஷாட்டின் முடிவில் அவள் கன்னத்தில் தேனீ உட்கார்ந்தது. என் கையைப் பார்த்தபடி நின்றாள். இமைக்கவில்லை. நான் கையை இறக்கிய பிறகுதான் அலறிக்கொண்டு ஓடினாள்.

"கொட்டிடுச்சா?" என்று யெர்சின் கேட்டான்.

"கொட்டல. தியாஸ் அண்ணா கைக்கு அதுவும் பயந்துருச்சு போல."

பிறகு பாலம். முதல் அமைப்புக்கு இருநூறு மில்லிமீட்டர் லென்ஸ் போட்டேன். கேமரா பாலத்திலிருந்து முந்நூறு மீட்டர் தள்ளி. நீள லென்ஸ் தூரத்தைச் சுருக்கும். ஒரு கிலோமீட்டருக்கு அப்பால் வரும் ரயில் நடிகையின் முதுகை ஒட்டி வருவது போலத் தெரியும். பார்க்கிறவருக்கு நெஞ்சு அடைக்கும். நிற்கிறவருக்கு ஒரு ஆபத்தும் இல்லை. வைடு லென்ஸ் நேர்மாறு. பக்கத்தில் வந்துவிட்டதை அது தூரத்தில் காட்டும். இது முதலாண்டுப் பாடம்.

ஸ்லோமோஷனில் எடுத்தோம். அப்படி எடுக்கும்போது பாட்டை இரண்டு மடங்கு வேகத்தில் ஒலிக்கவிட வேண்டும். நடிகையும் அதே வேகத்தில் வாயசைக்க வேண்டும். பிறகு படத்தை மெதுவாக ஓட்டினால் உதடு சரியாகப் பொருந்தும். அதற்கு முழுக் கவனமும் வேண்டும். வேறு எதையும் நினைக்க முடியாது.

"கோழி தவிடு கொத்துற மாதிரி இருக்குடி உன் வாய்" என்றான் யெர்சின்.

"நீ எழுதின பாட்டுக்குக் கோழி வாய் போதும்."

பாட்டு அவள் காதுகளில் செருகிய இயர்போன்களில்தான் கேட்கும். அதை நிறுத்தும் பட்டன் யெர்சினிடம். பாட்டு நின்றால் அவள் உடனே பாலத்திலிருந்து இறங்கிவிட வேண்டும். எப்போது நிறுத்துவது என்பதற்கு நான் ஒரு வழி சொன்னேன். மானிட்டரின் மேல் வெள்ளை டேப்பில் ஒரு சின்னத் துண்டு ஒட்டினேன். கோதுமை மணி அளவு. படத்தில் ரயில் அந்தத் துண்டின் உயரத்துக்கு வளர்ந்ததும் பட்டனை அழுத்த வேண்டும். முதலில் ஒரு ரயிலைச் சும்மா போகவிட்டு அளந்தேன். டேப் அளவுக்கு வந்ததிலிருந்து பாலத்துக்கு வந்து சேர நாற்பத்தைந்து நொடி. அவள் இறங்க இருபது நொடி. மிச்சம் இருபத்தைந்து. நல்ல ஏற்பாடு.

அந்த டேக் அப்படியே நடந்தது. ஹாரன் கேட்டது, தூரத்தில் ரயில் தெரிந்தது, யெர்சின் அழுத்தினான், அவள் இறங்கி வந்து சரிவில் உட்கார்ந்து ஷூ நாடாவைக் கட்டினாள். ரயில் அதன் பிறகு வந்தது. ஓட்டுநருக்குக் கையசைத்தாள். மானிட்டரில் மறுபடி போட்டுப் பார்த்தபோது ரயில் அவளை விழுங்குவது போல இருந்தது.

"அம்மாடி" என்றாள். "இதப் பாத்தா எங்கம்மா செத்துருவாங்க. நெசத்துல ஒண்ணுமே இல்ல, பாருங்க."

அன்று அவர்கள் இருவரும் கற்றுக்கொண்டது அதுதான். மானிட்டர் காட்டுவதைவிட உண்மையில் ஆபத்து குறைவு. அதை நான் கற்றுத்தரவில்லை. லென்ஸ் கற்றுத்தந்தது.

தேநீர் குடித்தோம். எண்ணெயில் பொரித்த மாவு உருண்டைகளை அவள் வீட்டிலிருந்து கொடுத்துவிட்டிருந்தார்கள். வாய் நிறைய அதை வைத்துக்கொண்டு சொன்னாள்.

"திங்கட்கிழமைண்ணா. மறந்துராதீங்க."

"மறக்கல."

"கனாத் அண்ணன் உங்களப் பத்தியே பேசிட்டு இருப்பான். தியாஸ் ஒரு தடவகூட ஃபோகஸ் விடமாட்டான்மா, அவன் பெரிய ஆளா வருவான்னு."

அதற்குள் காற்று ஏறிவிட்டது. நீள லென்ஸ் காற்றில் நடுங்கும். படம் ஆடும். இருநூறைக் கழற்றிவிட்டு இருபத்தெட்டு போட்டேன். எந்தக் கேமராக்காரரையும் கேளுங்கள், ஐயா. அந்தக் காற்றில் எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். வைடு லென்ஸ் என்றால் கேமரா பக்கத்தில் வர வேண்டும். பாலத்தின் இந்த முனையில், தண்டவாளத்தை விட்டு ஒன்றரை மீட்டர் தள்ளி வைத்தேன். அவள் நடந்து வந்து நிற்க வேண்டிய இடத்தைப் பாலத்தின் மேல் சுண்ணக்கட்டியால் குறித்தேன். பாலம் முடிய எட்டு மீட்டர் இருக்கும் இடத்தில். ஃபோகஸுக்கு அது சரியான தூரம்.

யெர்சினிடம் எதையும் மறைக்கவில்லை. வைடு போடுகிறேன், வானம் நிறைய வரும் என்றேன். சரிவின் கீழே உட்கார்ந்து துணியைப் போர்த்திக்கொண்டு பார்த்தான்.

"வானம் சூப்பரா இருக்குடா" என்றான். பிறகு துணிக்குள்ளிருந்தே கேட்டான். "இந்த டேப்பு அப்படியே இருக்கட்டுமா?"

"அதே ரயில்தானேடா" என்றேன்.

அது பொய் இல்லை. அதே அளவு ரயில்தான்.

கணக்கை நான் தேநீர் குடிக்கும்போதே போட்டுவிட்டேன். கேமராக்காரன் எப்போதும் கணக்குப் போட்டுக்கொண்டுதான் இருப்பான். அதில் ஒரு அர்த்தமும் இல்லை. இருபத்தெட்டில் ரயில் கோதுமை மணி அளவுக்கு வரும்போது அது அவளிடமிருந்து நூற்று அறுபது மீட்டரில் இருக்கும். எட்டு நொடி. யெர்சின் அழுத்த ஒன்று. மிச்சம் ஏழு. எட்டு மீட்டரை ஓடிக் கடக்க நான்கு போதும். ஆகவே அப்போதும் அவளுக்கு நேரம் இருந்தது. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். லென்ஸ் அவளைக் கொல்லவில்லை.

ஹாரன் கேட்டது. காற்று எங்கள் பக்கத்திலிருந்து ரயிலை நோக்கி வீசியதால் சன்னமாகத்தான் கேட்டது. அவளுக்கு அதுவும் கேட்டிருக்காது. ஹாரனைக் கேட்டு யெர்சினும் பதறவில்லை. முந்தைய ரயில்களுக்கும் அது அடித்திருந்தது. நான் கேமராவை ஓடவிட்டேன். அவள் ரயிலுக்கு முதுகு காட்டி நடந்து வந்தாள், வாய் வேகவேகமாக அசைந்தது. கண்ணில் நீர் இருந்தது. காற்றாலா பாட்டாலா தெரியவில்லை. நல்ல டேக். சுண்ணக் குறியில் சரியாக நின்றாள்.

வைடு லென்ஸில் ரயில் வெகு நேரம் வராது. தொலைவில் ஒரு புள்ளியாகவே நிற்கும். பிறகு திடீரென்று வரும்.

யெர்சின் அழுத்தினான். எனக்கு எப்படித் தெரியும் என்றால், அவள் வாய் நின்றது. பாட்டு நின்றுவிட்டது என்று அர்த்தம். இறங்கி ஓட வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அவள் காலுக்கடியில் பாலம் அதிர ஆரம்பித்திருந்தது. ஒரு காலை எடுத்து வைத்தாள்.

நான் கையை உயர்த்தினேன். விரித்த கை.

அவள் காலைப் பழைய இடத்திலேயே வைத்துவிட்டாள்.

நீங்கள் இதை விசித்திரமாக நினைக்கலாம். அவளுக்கு ரயில் தெரியாது, முதுகுப் பக்கம். எனக்கு அது நேர் எதிரே. எதிரே பார்க்கிறவன் நிற்கச் சொன்னால் நிற்கலாம் என்று யாரும் நம்புவார்கள். என்னை அண்ணா என்று கூப்பிடுகிறவள். முகம் வெளுத்துவிட்டது. ஆபத்து அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனால் நிற்கத்தான் செய்தாள். இமைக்கவில்லை. நான் மனதுக்குள் எண்ணினேன். சரியாக ஐந்து. பிறகு கையை இறக்கினேன்.

அப்போது இரண்டு நொடி மிச்சம். அவள் ஓடினாள். நான் கேமராவுக்குப் பின்னால் நகர்ந்தேன். மற்றதை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள்.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில்: அவள் என் கையைப் பார்த்தாள்.

ரயில் ஒரு கிலோமீட்டர் தாண்டித்தான் நின்றது. யெர்சின் துணியை உதறிவிட்டு மேலே ஏறி வந்தான். முழங்காலில் விழுந்து என் சட்டையைப் பிடித்துக்கொண்டான்.

"அழுத்தினேன்டா. வந்ததும் அழுத்தினேன்டா. அழுத்தினேன்ல? சொல்லுடா, தியாஸ்."

"கொஞ்சம் லேட்" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். மற்றதையெல்லாம் அவனே தனக்குச் சொல்லிக்கொண்டான். அவனுடைய வாக்குமூலத்தில் அதைத் திருத்திவிடுங்கள். அவன் நல்ல பையன். ஃபிரேமைப் பற்றி ஒன்றும் தெரியாது, அதுதான் அவனிடம் குறை.

எனக்குத் தூக்கம் வருகிறது, சாப்பிடுகிறேன். ஒன்று மட்டும் பயமாக இருக்கிறது. தெருவில் யாராவது வண்டியை நிறுத்தக் கை காட்டினால் நான் நின்றுவிடுகிறேன். கால் நகர மறுக்கிறது. ஐந்து எண்ணிய பிறகுதான் நடக்க முடிகிறது. அந்த ஐந்து நொடியில் எனக்குப் பின்னால் என்ன வருகிறது என்று திரும்பிப் பார்க்கவும் முடிவதில்லை. நேற்று நடுச்சாலையில் அப்படி நின்றேன்.

நான் செய்தது என்ன என்று எனக்குத் தெரியும். அவள் பேசிவிடுவாள் என்று அவளைக் கொன்றேன். ஆனால் நான் வாக்குத் தவறினேன் என்று மட்டும் நீங்கள் எழுத முடியாது. கேமராவில் இருந்த கார்டைத்தான் நீங்கள் எடுத்துப்போனீர்கள். நீள லென்ஸில் எடுத்த கார்டு என் சட்டைப்பையில் இருந்தது. வெள்ளி இரவும் சனி பகலும் உட்கார்ந்து பாட்டுப் படத்தை வெட்டி ஒட்டினேன். சனிக்கிழமை அவளை அடக்கம் செய்தார்கள். மறுநாள் கல்லூரி அரங்கில் அஞ்சலிக் கூட்டம். அங்கே திரையிட்டார்கள். அந்த ரயில் அவள் முதுகை ஒட்டி நிற்கும் ஷாட்டில் அரங்கமே மூச்சைப் பிடித்தது. யாரோ வாய்விட்டு அழுதார்கள். இந்த முறை நான் கதவுக்கு வெளியே நிற்கவில்லை. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்தேன்.

கடைசியில் ஒரு வரி. கேமரா, கனாத். யாரும் எதுவும் கேட்கவில்லை. அஞ்சலி என்று நினைத்திருப்பார்கள். அவளுடைய அம்மா எழுந்து வந்து என் கையைப் பிடித்துக்கொண்டார். வெகு நேரம் விடவில்லை.

என் சேர்க்கைப் படத்தில் இன்னும் என் பெயர்தான் இருக்கிறது. அது வேறு விஷயம். அவள் என்னிடம் கேட்டது அண்ணன் பெயர் திரையில் ஒரு தடவை வர வேண்டும், அம்மா பார்க்க வேண்டும் என்பதுதான். திங்கட்கிழமைக்குள் என்றாள்.

நான் ஞாயிற்றுக்கிழமையே செய்துவிட்டேன்.